வரிசையில் கடைசி வீடு

இன்னாசி மச்சாதுவுக்காக நடத்திய நினைவுக் கூட்டம் இன்னொரு மனிதரைக் கொல்லப் பார்த்தது. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அன்று பணியில் இருந்தவள் நான். கூட்டத்தை நிறுத்தியவளும் நான்தான். ஏன் நிறுத்தினாய் என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வந்த தாளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுத அலுப்பாக இருக்கிறது. எழுதினாலும் அவர்களுக்குப் புரியாது என்பது வேறு விஷயம்.

தூத்துக்குடியில் கடலடிக் கேபிள் கரையேறும் இடத்தில், உப்பளத்தைப் பார்த்தபடி எங்கள் கட்டடம் இருக்கிறது. தென்கடல் இணையக் கூட்டுறவு என்று பலகை தொங்கும். மாடியில் கட்டுப்பாட்டு அறை, என் வேலை அங்கேதான். கீழே தூரக்கை நிலையம். முன்பு உப்பளத்துக்கும் மீன் கம்பெனிக்கும் போன பெண்கள் இப்போது அங்கே கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இவர்கள் இங்கே கையை நீட்டினால் நார்வேயில் ஏதோ ஒரு வீட்டில் இயந்திரக் கை நீளும். கிழவரைக் கட்டிலிலிருந்து தூக்கும், குளிப்பாட்டும், சட்டை மாட்டிவிடும். அவர் தோலின் சூடு இவர்கள் விரலில் தெரியும். அங்கே முதியவர்கள் நிறைய, தூக்க ஆளில்லை. இங்கே ஆளுண்டு, விசா கிடைக்காது. ஆகவே கைகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கை அனுப்பும் வேலைக்கு எமன், தாமதம்தான். தூரத்தால் வரும் தாமதத்துக்குக் கை பழகிவிடும். திடீரென்று வந்து திடீரென்று போகும் தாமதத்துக்கு எவரும் பழக முடியாது. பெண்கள் அதற்கு மரப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். 'கை மரத்துப்போச்சு' என்று ஒருத்தி கத்தினால் போதும், நிலையமே அடங்கிவிடும்.

முதலாண்டில் இந்த மரப்பு தாங்காமல் சந்தனமாரி என்ற பெண் ஒரு கூட்டத்தையே திரட்டிக்கொண்டு மாடிக்குச் சண்டைக்கு வந்தாள். மேலதிகாரிகள் எல்லாரும் ஏதோ அவசர வேலையாக வெளியே போய்விட்டார்கள். அகப்பட்டவர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த இன்னாசி அண்ணன்.

"ஏன் சாரே, காலைல நல்லாத்தான் இருக்கு. பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைக வீட்டுக்கு வந்துட்டா கை மரத்துப்போவுதே, அது ஏன்?"

"ஒங்க தெருக் கடையில ஒருத்தரு மாசச் சாமான் வாங்கிக்கிட்டு நிக்காரு. பின்னால நீ ஒரு தீப்பெட்டிக்கு நிக்க. கடை அண்ணாச்சி என்ன செய்வாரு?"

"துவரம்பருப்ப நிறுத்துக்கிட்டே தீப்பெட்டிய எடுத்து எங்கிட்ட குடுத்து அனுப்பிருவாரு."

"இந்தப் பெட்டிக்கு அந்தப் புத்தி கெடையாது, பாத்துக்கோ. படம் பாக்குதவனுக்கு மூட்டை மூட்டையா வாரதையெல்லாம் அடுக்கி வச்சிட்டு, ஒன் தீப்பெட்டிய அடியில போட்டுருது. மூட்டை பூரா எறங்குன பொறவுதான் ஒனக்கு. அண்ணாச்சிக்கு இருக்குத புத்திய இதுக்குக் குடுக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லிவிட்டு அதற்காக வருடக்கணக்கில் உழைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வழிவிடு'. சிறிய பொட்டலங்களை முன்னே விடும். பெரிய மூட்டைக்காரனிடம் கொஞ்சம் மெதுவாக அனுப்பச் சொல்லும். இன்று உலகத்தில் பாதி ரூட்டர்களில் அது ஓடுகிறது. உரிமையை எழுதித் தரக் கேட்டு வந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களை நண்டு வாங்கிச் சமைத்துப் போட்டு அனுப்பிவைத்தார். "இது என்னுது இல்லய்யா. கடை அண்ணாச்சியோடதுல்லா" என்றாராம். யார் எந்த ஊரிலிருந்து கேட்டாலும் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பார். நன்றி சொல்ல வாயைத் திறந்தால், "அடுத்தவன் லைன்ல காத்திருக்கான், வைக்கேன்" என்று வைத்துவிடுவார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். கடுப்பாகவும் இருக்கும். நல்லவர்களோடு வேலை பார்ப்பது லேசான காரியமில்லை. நம் சோம்பல் நமக்கே தெரிந்துகொண்டிருக்கும்.

இத்தனைக்கும் அவர் வீட்டு லைன் மட்டும் படு மோசம். அவரோடு பேசினால் பாதி வார்த்தைதான் வந்து சேரும். விளக்குக்கு அடியில் இருட்டு என்று நாங்கள் கேலி செய்வோம். எங்களோடு வேலை பார்க்கும் மீரான் காக்கா (காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) புது லைன் இழுத்துத் தருகிறேன் என்று பல தடவை கேட்டிருக்கிறார். "எங்க வீட்ட மட்டும் தொடாதிய. வேலைக்கு ஆவுதுல்லா, இருக்கட்டும்" என்று இன்னாசி அண்ணன் தட்டிக்கழித்துவிடுவார். பேச்சு உடையும்போது நாம் பொறுமையிழந்தால் அந்தப் பக்கமிருந்து ஒரே பதில் வரும்: "சொல்லு, வந்துட்டுத்தான் இருக்கு."

அந்த வாக்கியத்தைக் கேட்டாலே செலினுக்கு ஆகாது. செலின் அவருடைய ஒரே மகள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கீழே தூரக்கை நிலையத்தில் வேலை. அவளுடைய அம்மா பிலோமினா மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செலின்தான் கூட இருந்தாள். இங்கே புயலில் பாதிக் கேபிள் போய், இன்னாசி அண்ணன் கட்டுப்பாட்டு அறையில் இரண்டு நாள் கிடந்தார். வீட்டுக்கு வந்து போனில் பேசிவிட்டு மதுரைக்குக் கிளம்பலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். போனை அம்மாவின் காதில் வைத்தாள் செலின். துண்டு துண்டாக ஏதோ வந்தது.

"'என்னட்டி சொல்லுதாரு'ன்னு அம்மா கேட்டா" என்று செலின் ஒருமுறை என்னிடம் சொன்னாள். "எனக்கும் ஒண்ணும் வெளங்கல. 'ஒங்கள ரொம்பத் தேடுதாராம், வந்துக்கிட்டு இருக்காராம்'னு நானே சொல்லி வச்சேன். அம்மா சிரிச்சா. அவரு ஏறுன பஸ்ஸு கோவில்பட்டி தாண்டுததுக்குள்ள போயிட்டா. ஊருக்கெல்லாம் லைன் குடுத்த மனுசன் பொண்டாட்டிக்கு ஒரு வார்த்த குடுக்கல, கனி."

அப்பாவிடம் அதைப்பற்றி அவள் கடைசிவரை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருவரும் சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

இன்னாசி அண்ணன் இறந்த முப்பதாம் நாள், பூசை முடிந்த கையோடு அவர் வீட்டிலேயே நினைவுக் கூட்டம் என்று கூட்டுறவுத் தலைவர் கோமதிநாயகம் சார் முடிவு செய்தார். வெளிநாட்டு நிபுணர்கள் முழுவுருவில் வருவார்கள், அமைச்சர் வருகிறார், உலகம் முழுக்க நேரலை. முழுவுரு என்றால் ஆள் நேரில் நிற்பதுபோலவே தெரியும். அதற்கேற்ப அது இணையத்தைத் தின்னும். செலின் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். "அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காதிய. எனக்கு அன்னைக்கு டூட்டி" என்றாள்.

கோமதிநாயகம் சார் என்னைக் கூப்பிட்டார். "கனி, அவரு வீட்டு லைனு எப்படிப்பட்டதுன்னு ஒனக்கே தெரியும். அமைச்சர் பேசும்போது இழுக்கக் கூடாது. பரிவட்டம் கட்டிரு."

பரிவட்டம் என்பது எங்கள் அறையின் பேச்சு. கோயிலில் பெரிய மனிதருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி எல்லாருக்கும் முன்னால் நிறுத்துகிறார்கள் அல்லவா, அதுபோல ஒரு லைனை மட்டும் எல்லா லைனுக்கும் முன்னால் நிறுத்துவது. புயல் எச்சரிக்கைக்கென்று மட்டும் அதை விட்டுவைத்திருந்தோம். இன்னாசி அண்ணன் அதுவும் கூடாது என்று சொன்னவர்.

"சார், அவருக்கே இது பிடிக்காதே" என்றேன்.

"அவருக்கு வேண்டாம்மா. நாம செய்யணும்லா. இருக்கும்போதுதான் ஒண்ணும் செய்ய விடல. ஒரு நாளாவது அந்த மனுசனை முன்னால நிறுத்துவோமே."

அவர் குரல் கம்மியது. நடிப்பில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. வரிசைக்காகவே வாழ்ந்த மனிதருக்கு வரிசையை மீறித்தான் மரியாதை செய்ய வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. நானே என் கையால் கட்டினேன்.

அமைச்சர் மைக்கைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம் வந்தது. ஒருத்தி இல்லை, பலபேர். "மரத்துப்போச்சு! மரத்துப்போச்சு!" எங்கள் திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. வழிவிடு ஓடிக்கொண்டிருந்தது, நெரிசலே இல்லை என்று சாதித்தது. மீரான் காக்கா திரையைத் தட்டிப் பார்த்தார். நான் படியிறங்கி ஓடினேன்.

கீழே பெண்கள் கையை நீட்டியபடி அப்படியே நின்றார்கள். மரப்பின்போது கையை ஆட்டக் கூடாது. ஆட்டினால் அத்தனை அசைவும் வழியில் குவிந்து, பிறகு ஒரே மூச்சில் போய் இறங்கும்; அங்கே இயந்திரக் கை பேய்பிடித்ததுபோல ஆடும். செலின் ஒரு குழந்தையை ஏந்தியிருப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நின்றாள். முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. துடைக்க முடியாது.

"கனி" என்றாள் மெல்ல. "கெழவரக் குளிப்பாட்டித் தூக்கிட்டு இருந்தேன். தொட்டித் தண்ணிக்கு நேர் மேல இருக்காரு."

இங்கிருந்து சேதி போகாவிட்டால் இயந்திரக் கை சற்றுப் பொறுக்கும். பிறகு பத்திரமாக இருக்கட்டும் என்று தூக்கியவரை மெதுவாகக் கீழே இறக்கிவிடும். கட்டிலென்றால் கவலையில்லை. இப்போது கீழே இருப்பது தண்ணீர்த் தொட்டி. அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, தலையைத் தூக்கவும் தெம்பில்லை. வீட்டில் வேறு ஆளும் கிடையாது. ஆள் இருந்தால் ஏன் தூத்துக்குடியிலிருந்து கை வாங்குகிறார்கள்?

"எறங்குதா?"

"தெரியல. படம் நின்னுபோச்சு. வெரல்ல அவரு முதுகு மட்டும் இருக்கு. அதுவும் பழசா இருக்கும்."

மாடிக்கு வந்து கோமதிநாயகம் சாரைப் போனில் பிடித்தேன். இன்னாசி அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று பேசினார். பரிவட்டத்தின் புண்ணியத்தில் அவர் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

"சார், பரிவட்டத்த அவுக்கணும். கீழ எல்லாருக்கும் கை நின்னுபோச்சு. செலின் கையில ஒருத்தரு தண்ணிக்கு மேல தொங்குதாரு."

"அது எப்படி? எம் போன்லயும் எல்லாம் பச்சையாத்தான காட்டுது? அமைச்சர் முடிச்சிரட்டும்மா, இன்னும் கொஞ்ச நேரம்..."

கொஞ்ச நேரம் என்பது யாருடைய கணக்கில் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவிழ்த்துவிட்டேன்.

கீழே ஒரு பெருமூச்சு எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். படம் வந்துவிட்டது. கிழவரின் காதுவரை தண்ணீர் வந்திருந்தது. செலின் ஒரு சொல் பேசாமல் அவரைத் தூக்கினாள், நாற்காலியில் உட்கார்த்தினாள், தலையைத் துவட்டினாள். அவர் இருமினார். பிறகு இயந்திரக் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவளுக்கு அவர் மொழி தெரியாது. அவருடைய பிடி அவள் விரலில் தெரிந்தது. சட்டை பொத்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் கையுறையைக் கழற்றினாள். கழற்றியதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பரிவட்டத்தை அவிழ்த்தால் நினைவுக் கூட்டத்தின் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அது அடியோடு நின்றுபோனது. அமைச்சர் திறந்த வாயோடு உலகம் முழுக்க உறைந்து நின்றார். நான் வேண்டுமென்றே வெட்டிவிட்டதாகக் கோமதிநாயகம் சார் குதித்தார்.

மீரான் காக்கா பேசாமல் உட்கார்ந்து வழிவிடுவைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டை இருவருமே தொடவில்லை. மாலையில் என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரும்மா. இந்த ஊர் நெட்டுல நெரிசல் வந்துட்டுதுன்னு வழிவிடு எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"எங்கயாவது தாமதம் கூடினா கண்டுபிடிக்கும்."

"எங்கயாவது இல்ல. ஒரு வீட்டுல. வரிசையில எல்லாருக்கும் கடைசியா ஒரு வீட்ட நிறுத்தி வச்சிருக்காரு. எல்லாருக்கும் குடுத்து மிஞ்சினாத்தான் அந்த வீட்டுக்கு. அந்த வீடு திணறுச்சுன்னா வழிவிடு உடனே மூட்டைக்காரங்கள அடக்கும். கடைசி ஆளுக்கு மூச்சு முட்டும்போதே சரி பண்ணிட்டா மத்தவங்களுக்குத் தெரியவே செய்யாதுல்லா."

"எந்த வீடு காக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"அந்த வீட்டுக்குத்தான் நாம இன்னைக்குப் பரிவட்டம் கட்டினோம். கடைசி வீட்டுக்கே தாராளமாப் போவுதேன்னு வழிவிடு நம்பிட்டு. ரோடு காலியாக் கெடக்குன்னு நெனச்சு எல்லா மூட்டையையும் உள்ள விட்டுட்டு. நீ அவுத்ததும் வீடு பழையபடி கடைசிக்குப் போயிட்டு, அதான் படம் அடியோட நின்னுது." மீரான் காக்கா கண்ணாடியைக் கழற்றினார். "புது லைன் இழுத்துத் தாரேன்னு எத்தன தடவ அந்த மனுசன்கிட்ட மல்லுக்கு நின்னேன் நான்."

பந்திக்கு முந்து என்று ஊரில் சொல்வார்கள். இவர் பந்திக்குப் பிந்தினார். அதையும் யாரிடமும் சொல்லாமல் பிந்தினார்.

செலினிடம் நான்தான் சொன்னேன். கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் இப்படித்தான், நினைப்பு ஒன்று நடப்பது ஒன்று.

"அப்ப லைனு கெட்டுப்போகல" என்றாள்.

"இல்ல."

"அம்மா கெடந்த அன்னைக்கு அவரு நெனச்சா மாத்தியிருக்கலாம். ஒரே ஒரு போனுக்கு."

"மாத்தியிருக்கலாம். ஆனா வேற ஒரு வீடு கடைசிக்குப் போயிருக்கும், செலின். புயல் நேரம். அந்த வீட்டுல யாரு இருந்தாங்களோ."

"யாரு இருந்தா என்ன? அந்த வீட்டுல அன்னைக்கு எங்கம்மா சாகலல்லா."

அவள் அழவில்லை. "எங்க வீட்ட அங்கேருந்து எடுத்துரு. முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம். ஊரோட ஒரு வீடா இருந்துட்டுப் போறோம்" என்றாள்.

நியாயமான பேச்சு. ஆனால் வரிசை என்றால் கடைசி என்று ஒருவர் உண்டு. செலின் வீட்டை எடுத்தால் இன்னொரு வீட்டை வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் வழிவிடுவுக்குக் கண் போய்விடும். கூட்டுறவுக் குழுவைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் உருகிப்போனார்கள். மகான் என்றார்கள். சிலை வைப்போம் என்றார்கள். சரி, யார் வீட்டை வைக்கட்டும் என்று கேட்டேன்.

கோமதிநாயகம் சார் மகளுக்குப் பரீட்சையாம். பொருளாளருடைய மாமனாருக்கு டாக்டர் வீடியோவில்தான் பார்க்கிறாராம். இன்னொருவர் வீடு மாற்றப் போகிறாராம். புது வீட்டு விலாசம் தெரிந்ததும் சொல்கிறேன் என்றார். எவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் அலுப்பாக இருக்கிறது. எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மீரான் காக்கா கையைத் தூக்கினார். அவர் பேத்தி பிறவியிலேயே காது கேளாதவள். சைகையில்தான் பேசுவாள், அதுவும் படத்தில்தான். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

என் வீட்டை வைத்தேன். இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. இன்னொரு தடவை ஒவ்வொருவராகப் போய்க் கேட்கத் தெம்பில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது பாதிக்குமேல் புரியவில்லை. "நெட்டு ஆபீஸ்லயே இருக்க, வீட்டு லைன் இந்த லட்சணத்துல இருக்கே" என்று சிரித்தார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கோபப்பட்டார். பிறகு கூப்பிடுவதே குறைந்தது. இன்னாசி அண்ணன் இதை எப்படித் தாங்கினார் என்று யோசித்தேன். அதைவிட, பிலோமினா அக்கா எப்படித் தாங்கினாள் என்று யோசித்தேன். அவளுக்கு யார் நினைவுக் கூட்டம் நடத்தப் போகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போது செலின் போனில் கூப்பிட்டாள்.

"நண்டு வாங்... வாரி..."

"என்னது? ஒண்ணும் வெளங்கல, செலின்."

லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"கனி. இப்படி ஒடையுதது எனக்குத் தெரியும், எங்க வீட்டு லைனு இப்படித்தான் ஒடையும்" என்றாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இத்தனை வருடப் பழக்கம். "ஒன் வீட்டையா போட்ட?"

லைன் சரியில்லை என்று மழுப்பப் பார்த்தேன்.

"கூறுகெட்டவளே. ஒருத்தரே நின்னா செத்த பொறவு சிலை வச்சிட்டுப் போயிருவாவ. முறை வச்சு நிக்கணும். இந்த மாசம் நீ. அடுத்த மாசம் எங்க வீடு. அதுக்கடுத்த மாசம் கோமதிநாயகம் சாரு. அவருகிட்ட கேக்காத. கேட்டா மறுபடி பரீட்ச வந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்பாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி, என் வீட்டுக்காரர் கூப்பிடாததைப் பற்றி, எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "செலின், கேக்குதா? நான் பேசுதது ஒனக்கு வருதா?" என்று கத்தினேன்.

துண்டு துண்டாக அவள் குரல் வந்தது.

"சொல்லு... வந்துட்டுத்தான்... இருக்கு."